சமயக் கருச்சொற்களும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

உலகச் சமயங்களின் தோற்றத்தையும் அடிப்படைக் கொள்கைகளையும் அறிமுகம் செய்யும் நூல்கள் தமிழில் பல உள்ளன. பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் இவ்வறிமுகம் பெரும்பாலும் ஓர் அட்டவணையின் வடிவைப் பெறுகிறது. நிறுவியவர், காலம், கடவுள், வேதம், வழிபாட்டிடம், இறுதிப்பேறு என்னும் தலைப்புகளின்கீழ் ஒவ்வொரு சமயத்திற்கும் ஒரு வரிசை ஒதுக்கப்படுகிறது. அட்டவணையை நிரப்பத் தொடங்கியவுடன் இடர்ப்பாடு எழுகிறது. இந்து சமயத்திற்கு 'நிறுவியவர்' என்ற கட்டத்தில் எழுதுவதற்குப் பெயர் இல்லை. பௌத்தத்திற்கும் சமணத்திற்கும் 'கடவுள்' என்ற கட்டம் பொருந்துவதில்லை. யூத சமயத்தின் நூலைப் 'பழைய ஏற்பாடு' என்று எழுதினால் அது யூதர்கள் வழங்கும் பெயரன்று. எனினும் கட்டங்கள் எப்படியோ நிரப்பப்பட்டு விடுகின்றன. படிப்பவர் மனத்தில் எல்லாச் சமயங்களும் ஒரே வார்ப்பில் அமைந்தவை என்னும் எண்ணம் பதிந்து விடுகிறது.

இவ்விடர்ப்பாடு செய்திப் பிழையால் மட்டும் நேர்வதன்று, சொல்லால் நேர்வது. ஒரு சமயத்தின் அடிப்படைக் கொள்கை சில சொற்களைத் தாங்குதூண்களாகக் கொண்டு நிற்கிறது. அத்தகைய சொற்களை இக்கட்டுரை கருச்சொற்கள் எனக் குறிக்கிறது. சமயம் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது கருச்சொற்களைக் கையாள மூன்று வழிகள் உள்ளன. மூலச்சொல்லையே ஒலிபெயர்த்துக் கொள்ளுதல் முதலாவது. பெறுமொழியில் முன்பே வழங்கும் சொல்லை ஏற்றல் இரண்டாவது. பெறுமொழியின் உறுப்புகளைக் கொண்டு புதுச்சொல் ஆக்குதல் மூன்றாவது. ஒலிபெயர்ப்பு மூலக்கருத்தைக் காக்கிறது. ஆனால் கேட்பவர்க்குப் பொருள் தருவதில்லை. வழக்குச்சொல் பொருள் தருகிறது. ஆனால் தன் பழைய பொருளையும் உடன் கொண்டு வருகிறது. புதுச்சொல் இரண்டிற்கும் இடைப்பட்டது. வழக்கில் நிலைத்தால்தான் அது பயன்தரும். பெருஞ்சமயங்கள் சிலவற்றின் தோற்றத்தையும் கொள்கையையும் இக்கண்ணோட்டத்தில் விளக்குவதும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சிலவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

1. 'சமயம்' என்னும் வகைப்பெயர்

முதலில் வகைப்பெயரையே நோக்குதல் வேண்டும். 'மதம்' என்னும் வடசொல் கருதப்பட்டது, கருத்து என்னும் பொருளில் பிறந்தது. 'சமயம்' என்பது உடன்பாடு, கோட்பாடு என்னும் பொருள்களை உடையது. 'நெறி' என்பது வழி. இம்மூன்றில் எதுவும் இலத்தீன் மொழியின் 'ரெலிகியோ' என்ற சொல்லுக்கு நேரானதன்று.

மணிமேகலையின் 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' இதற்கு நல்ல சான்று. அங்கே சைவவாதியும் வைணவவாதியும் பேசுகின்றனர். ஆசீவகரும் நிகண்டரும் பேசுகின்றனர். சாங்கியரும் வைசேடிகரும் பேசுகின்றனர். ஐம்பூதச் சேர்க்கைக்கு அப்பால் எதையும் ஏற்காத பூதவாதியும் பேசுகிறார். அனைவரும் 'சமயக்கணக்கர்' என்ற ஒரே பெயரில் அடங்குகின்றனர். ஆகவே பழந்தமிழில் 'சமயம்' என்பது வாதிட்டு நிறுவத்தக்க கோட்பாடு என்ற பொருளில் வழங்கியது. இறைவழிபாடு அதன் இன்றியமையாக் கூறாகக் கருதப்படவில்லை.

கிழக்காசியாவிலும் இதையொத்த நிலை உண்டு. சீன மொழியில் இன்று சமயத்தைக் குறிக்கும் 'சோங்ஜியாவ்' என்ற தொடர், அப்பொருளில் 19ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நிலைபெற்றுச் சீனத்திற்குச் சென்றதாகும். மேலை நாட்டு வகைப்பெயர் ஒன்றுக்கு நிகரன் தேவைப்பட்டபோது பழைய பௌத்தத் தொடர் ஒன்று புதுப்பொருள் பெற்றது. 'உலகச் சமயங்கள்' என்று ஒரே வரிசையில் வைத்துப் பேசும் வழக்கமே அண்மைக் காலத்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

2. இந்தியச் சமயங்கள்

2.1. இந்து சமயம்

'இந்து' என்பது இந்தியாவிற்கு வெளியே உருப்பெற்ற சொல். 'சிந்து' என்ற ஆற்றுப்பெயரின் சகரம் இரானிய மொழிகளில் ஹகரமாதல் ஒழுங்கான ஒலிமாற்றம். பாரசீக மன்னர் முதலாம் தாரயவுசின் (கி.மு. 522–486) கல்வெட்டுகளில் இச்சொல் ஒரு மாநிலத்தின் பெயராக இடம்பெறுகிறது. கிரேக்கர் ஹகரத்தை இழந்த வடிவத்தைப் பெற்றனர். அதிலிருந்து 'இந்தியா' என்ற பெயர் பிறந்தது. நிலப்பெயர் மக்கட்பெயராகி, மக்கட்பெயர் மிகப் பிற்காலத்தில் சமயப்பெயராயிற்று.

இதனால் ஒரு நிறுவனரையோ ஒற்றைக் கொள்கை விளக்கத்தையோ இச்சமயத்தில் தேடுவது பொருந்தாது. வேத நெறி, சைவம், வைணவம், சாக்தம் முதலியன தத்தம் நூலும் மரபும் உடையவை. வினை, பிறவிச் சுழற்சி, அதிலிருந்து விடுதலை என்பன இவற்றிற்குப் பெரும்பாலும் பொதுவானவை. ஆனால் விடுதலை யாது என்பதில் ஒருமை இல்லை. அத்துவைதம் உயிரும் பிரமமும் வேறல்ல என அறிதலை வீடு என்கிறது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் மூன்றையும் என்றுமுள்ள பொருள்களாகக் கொண்டு, பாசம் நீங்கிய உயிர் இறைவனோடு இரண்டறக் கலந்தும் தன் உண்மை கெடாது நிற்றலை முத்தி என்கிறது. 'மோட்சம்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது வேறுபாடு மறைந்து விடுகிறது.

'தர்மம்' என்ற கருச்சொல்லின் பயணம் மொழியியலார் கருத்தில் கொள்ளத்தக்கது. ஆப்கானித்தானத்தின் கந்தகாரில் 1958இல் அசோகரின் இருமொழிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில் 'தம்மம்' என்ற கருத்து கிரேக்கப் பகுதியில் 'எயுசெபெய்யா' எனப்படுகிறது. இது தெய்வத்தையும் மூத்தோரையும் மதித்தொழுகும் பக்திப்பண்பு. அரமேயப் பகுதியில் உண்மை என்னும் பொருளுடைய சொல் இடம்பெறுகிறது. ஒரே கல்லில் ஒரே கருத்துக்கு இரு வேறு நிகரன்கள்! பிற்காலச் சீனத்தில் அதே சொல் சட்டம், முறைமை என்னும் பொருளுடைய 'ஃபா' ஆயிற்று. தமிழில் 'அறம்' ஆயிற்று. பக்தி, உண்மை, சட்டம், அறம் என்னும் நான்கும் தர்மத்தின் ஒவ்வொரு கூறு. முழுமை எதிலும் இல்லை.

2.2. பௌத்தமும் சமணமும்

கி.மு. 5ஆம் நூற்றாண்டையொட்டி மகத நாட்டுச் சூழலில் இவ்விரு சமயங்களும் வளர்ந்தன. வர்த்தமான மகாவீரர் சமண மரபில் இருபத்துநான்காம் தீர்த்தங்கரர்; அதாவது சமணர் கருத்தில் அவர் சமயத்தை நிறுவியவரல்லர், தொடர்ந்து வந்த நெறியை மீண்டும் விளக்கியவர். உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை. எண்ணற்ற உயிர்கள் உள்ளன. வினையின் கட்டு உயிரைப் பற்றுகிறது. கொல்லாமையும் தவமும் அக்கட்டை அறுக்கின்றன.

புத்தர் துக்கம், துக்கத்தின் காரணம், துக்க நீக்கம், நீக்கத்திற்கான வழி என்னும் நான்கு வாய்மைகளைக் கூறினார். அவரது கொள்கையில் சமணத்தினின்றும் வேத நெறியினின்றும் வேறுபட்ட கூறு அனாத்மம். நிலைத்த உயிர் என ஒன்று இல்லை என்பது. எனவே 'ஆன்மா விடுதலை பெறுகிறது' என்று பௌத்தத்தைப் பற்றி எழுதினால் அதன் அடிப்படைக் கொள்கையையே மறுத்ததாகும்.

மொழிபெயர்ப்பு என்னும் வினா பௌத்தத்தின் தொடக்கத்திலேயே எழுந்தது. புத்தர் மொழியைச் சந்தஸில், அதாவது வேதமொழியின் யாப்பு நடையில், அமைக்கத் துறவியர் இருவர் இசைவு கேட்டபோது அவர் மறுத்தார் என்றும், 'தன் மொழியில்' கற்க இசைந்தார் என்றும் பாலி விநய நூல் கூறுகிறது. 'தன்' என்பது யாரைக் குறிக்கிறது? கற்பவர் தத்தம் மொழி என்று கொண்டால் அது மொழிபெயர்ப்புக்கான இசைவு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உரை எழுதிய புத்தகோசர், அது புத்தரின் மொழியாகிய மாகதியையே குறிக்கும் என்றார். ஒரு தற்சுட்டுப் பெயரின் முன்னிலைப்பொருள் யாது என்ற இலக்கண வினாவில் ஒரு சமயத்தின் மொழிக்கொள்கை அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

சீனத்தில் தொடக்கக்கால மொழிபெயர்ப்புகளில் தாவோ நெறியின் சொற்கள் இடம்பெற்றன. போதிக்குத் 'தாவ்' என்றும், நிர்வாணத்திற்குச் செயலின்மை என்னும் பொருளுடைய 'வூவெய்' என்றும் எழுதினர். இதனால் பௌத்தம் தாவோ நெறியின் ஒரு கிளைபோலத் தோன்றலாயிற்று. கி.பி. 401இல் சாங்ஆன் நகரை அடைந்த குமாரசீவர் தெளிவும் ஓட்டமும் உடைய மொழிபெயர்ப்புகளைத் தந்தார். கி.பி. 645இல் இந்தியாவிலிருந்து திரும்பிய யுவான்சுவாங், ஐவகைச் சொற்களை மொழிபெயர்க்காது ஒலிபெயர்க்க வேண்டும் என்று வகுத்ததாகப் பிற்கால நூல்கள் குறிக்கின்றன. மந்திரம் போன்ற மறைபொருட் சொற்கள், பகவன் போன்ற பல்பொருட் சொற்கள், நாவல் மரம் போன்று சீனத்தில் இல்லாத பொருள்களின் பெயர்கள், முன்னோர் ஒலிபெயர்த்து வழக்கான சொற்கள், மதிப்புணர்வை எழுப்பும் சொற்கள் என்பன அவ்வைந்து. இவற்றுள் ஐந்தாவது சிறப்பாகக் கருதத்தக்கது. 'பிரஞ்ஞை' என்பதை அறிவு என்று பெயர்த்தால் பொருள் வரும். ஆனால் அச்சொல்லுக்குரிய மதிப்பு குறையும் என்பது அவர் கருத்து. சொல்லின் பொருளோடு அதன் தகுதியையும் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டும் என்ற கொள்கை இங்குப் பிறக்கிறது.

திபெத்தியர் மூன்றாம் வழியை மேற்கொண்டனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆணையின்படி கலைச்சொற்கள் தரப்படுத்தப்பட்டு 'மகாவ்யுத்பத்தி' என்ற சமற்கிருத–திபெத்திய அகராதி தொகுக்கப்பட்டது. நிர்வாணம் அங்கே 'துயரைக் கடந்தது' என்ற பொருளுடைய தொடராயிற்று. 'அருகன்' என்ற சொல் தகுதியுடையவன் என்ற வேரிலிருந்து வந்தது. திபெத்தியரோ அதனை 'அரி', 'ஹன்' எனப் பிரித்துப் 'பகையை வென்றவன்' என்று பெயர்த்தனர். இந்தியாவிலேயே வழங்கிய மரபுவழிச் சொற்பிறப்பு விளக்கம் ஒன்றைப் பின்பற்றியே இவ்வாறு செய்தனர். சொல்வரலாற்று நோக்கில் பொருந்தாத ஒரு விளக்கம் ஒரு பெருமரபின் நிலையான சொல்லாயிற்று.

தமிழில் மணிமேகலை காட்டும் வழி தனித்தன்மை உடையது. பௌத்தத்தின் பன்னிரு நிதானங்களை அது 'சார்பு' என்று குறிக்கிறது. அவித்தை 'பேதைமை' ஆகிறது. விஞ்ஞானம் 'உணர்வு' ஆகிறது. நாமரூபம் 'அருவுரு' ஆகிறது. பரிசம் 'ஊறு' ஆகிறது. திருஷ்ணை 'வேட்கை' ஆகிறது. உபாதானம் 'பற்று' ஆகிறது. 'பவம்' மட்டும் வடசொல்லாகவே நிற்கிறது. நுண்ணிய தத்துவக் கலைச்சொல் வரிசை ஒன்றை ஏறத்தாழ முழுவதும் தமிழ்ச்சொற்களால் பெயர்த்த இம்முயற்சி, இக்காலக் கலைச்சொல்லாக்கத்திற்கும் முன்மாதிரியாகத் தக்கது. மேலும், இன்றைய தமிழில் 'நிர்வாணம்' என்ற சொல் ஆடையின்மை என்னும் பொருளிலேயே பெருவழக்காக உள்ளது. ஆகவே பௌத்தம் பற்றி எழுதுவோர் 'நிப்பானம்' என்ற பாலி வடிவத்தையோ 'வீடு' என்பதையோ தேர்ந்து, முதலிடத்தில் விளக்கம் தருதல் நலம்.

3. இரானிய நெறி: ஒரு சொல்லின் இரு முகங்கள்

இந்தியச் சமயங்களிலிருந்து மேற்காசியச் சமயங்களுக்குச் செல்லும் வழியில் சரதுஸ்திர நெறி நிற்கிறது. அவெஸ்தாவின் மொழியும் வேதமொழியும் நெருங்கிய உறவுடையவை. எனினும் வேதத்தில் 'தேவ' என்பது வழிபடத்தக்க ஒளியுருவினரைக் குறிக்க, அவெஸ்தாவில் அதன் இணைச்சொல்லாகிய 'தஏவ' தீய ஆற்றல்களைக் குறிக்கிறது. வேத மொழியில் பிற்காலத்தில் இழிபொருள் பெற்ற 'அசுர' என்பதன் இணை, அங்கே 'அஹுர மஸ்தா' என்னும் பரம்பொருளின் பெயரில் நிற்கிறது. வேர் ஒன்றாயினும் சமயப்பொருள் எதிராகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. சொற்பிறப்பைக் கொண்டு சமயப்பொருளைத் துணிதல் கூடாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

4. மேற்காசியச் சமயங்கள்

4.1. யூத சமயம்

ஒரே இறைவன், அவன் ஒரு மக்களினத்தோடு செய்த உடன்படிக்கை, அவ்வுடன்படிக்கையின் வழி வாழ்தல் என்பன யூத சமயத்தின் அடிப்படைகள். இவற்றைத் தாங்கும் எபிரேயச் சொற்கள் கிரேக்கத்திற்குச் சென்றபோது நேர்ந்த மாற்றங்கள் இன்றைய தமிழ்ச் சொற்கள்வரை தொடர்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் 'தோரா'வின் ஐந்து நூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. பிற நூல்கள் பின்னர்ப் பெயர்க்கப்பட்டன. இத்தொகுதி 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' என வழங்குகிறது.

'தோரா' என்பது கற்பித்தல், வழிகாட்டல் என்னும் பொருளது. கிரேக்கத்தில் அது சட்டம் என்னும் பொருளுடைய 'நோமோஸ்' ஆயிற்று. தமிழில் சீர்திருத்தத் திருச்சபையினர் 'நியாயப்பிரமாணம்' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'திருச்சட்டம்' என்றும் வழங்குவது கிரேக்கச் சொல்லின் வழியே. இதனால் யூத சமயம் சட்டங்களின் சமயம் என்ற ஒருதலைக் கருத்து வலுப்பெறுகிறது. யூதர் தம் சமயத்தை விளக்கும்போது தோராவை வாழ்வுக்கான போதனையாகக் காண்கின்றனர்.

'பெரித்' என்னும் எபிரேயச் சொல் உடன்படிக்கையைக் குறிப்பது. கிரேக்கத்தில் இது 'தியாதெக்கே' ஆயிற்று. கிரேக்கப் பொதுவழக்கில் இச்சொல்லுக்கு இறப்புக்குப் பின் உடைமையைப் பங்கிடும் விருப்ப ஆவணம் என்ற பொருள் உண்டு. இலத்தீனில் அது 'தெஸ்தமெந்தும்' ஆகி, நூல்தொகுதியின் பெயராயிற்று. தமிழில் இன்று நூலின் உள்ளே 'உடன்படிக்கை' என்றும் நூலின் பெயரில் 'ஏற்பாடு' என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. மூலத்தில் ஒன்றாயிருந்த கருத்து இரண்டாகப் பிரிந்தமையால், 'பழைய ஏற்பாடு' என்பதே 'பழைய உடன்படிக்கை' என்னும் கிறித்தவ இறையியல் துணிபு என்பது பலர்க்குப் புலனாவதில்லை. அதனால்தான் யூத சமயத்தைப் பற்றிய கட்டுரையில் 'தனாக்' என்ற பெயரே பொருந்தும்.

இறைவனின் நான்கெழுத்துப் பெயரை யூதர் ஒலிப்பதில்லை. அவ்விடத்தில் 'என் தலைவர்' என்னும் பொருளுடைய 'அதோனாய்' என்று படிப்பர். இப்படிப்பு மரபே கிரேக்கத்தில் 'கியூரியோஸ்', இலத்தீனில் 'தோமினுஸ்', தமிழில் 'கர்த்தர்', 'ஆண்டவர்' என்னும் சொற்களாயிற்று. எழுதப்பட்ட சொல் பெயர்க்கப்படவில்லை. படிக்கப்பட்ட சொல்லே பெயர்க்கப்பட்டது.

4.2. கிறித்தவம்

யூத சமயச் சூழலில் கி.பி. முதல் நூற்றாண்டில் கிறித்தவம் தோன்றியது. இயேசு மெசியா என்பதும், அவரது சிலுவைச் சாவாலும் உயிர்த்தெழுதலாலும் மாந்தர்க்கு மீட்பு உண்டு என்பதும் அதன் மையம். 'மெசியா' என்ற எபிரேயச் சொல்லின் பொருள் எண்ணெய் பூசப்பெற்றவர். அதன் கிரேக்கப் பெயர்ப்பே 'கிறிஸ்தோஸ்'. கிரேக்கத்தில் மொழிபெயர்ப்பாக நின்ற சொல் இலத்தீனில் ஒலிபெயர்ப்பாயிற்று. தமிழில் 'கிறிஸ்து' என்பது பலர்க்குப் பெயர்ச்சொல்லாகவே தோன்றுகிறது.

ஏசாயா நூலின் 7ஆம் அதிகாரத்தில் உள்ள 'அல்மா' என்ற எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிக்கும். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கன்னியைக் குறிக்கும் 'பார்த்தெனோஸ்' ஆயிற்று. மத்தேயு நற்செய்தி கிரேக்க வடிவத்தையே எடுத்தாள்கிறது. இரு சமயங்களும் பல நூற்றாண்டுகளாக வாதிட்ட இடம் இது. ஒரு நிகரன் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதை இது காட்டுகிறது.

யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் உள்ள 'லோகோஸ்' சொல், அறிவு, ஒழுங்கு எனப் பல பொருள்களை உடையது. தமிழில் 'வார்த்தை' என்றும் 'வாக்கு' என்றும் பெயர்க்கப்பட்டது. சீன விவிலியத்திலோ அது 'தாவ்' எனப்பட்டது. முன்பு பௌத்தர் போதிக்கு எடுத்த அதே சொல்லைப் பல நூற்றாண்டுகளுக்குப்பின் கிறித்தவரும் எடுத்துக் கொண்டனர்.

தமிழில் இறைவனைக் குறிக்கும் சொல்லைத் தேர்வதற்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலின் பெயரே அண்ட்ரிக் அடிகளாரின் தேர்வைக் காட்டுகிறது. இராபர்ட் தெ நொபிலியின் வழிவந்த கத்தோலிக்க மரபில் 'சர்வேசுரன்' நிலைபெற்றது. 18ஆம் நூற்றாண்டில் பப்ரீசியுஸ் 'பராபரன்' என்பதை வழங்கினார். 1871இன் ஒன்றிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்பதைக் கொண்டது. 1995இன் திருவிவிலியம் 'கடவுள்' என்பதைக் கொண்டது. ஒவ்வொரு தேர்விலும் இழப்பும் பேறும் உண்டு. 'தேவன்' என்பதற்குப் பன்மையும் பெண்பாலும் உள்ளன. தமிழ் மரபில் தேவர் பலர், பரம்பொருளினும் தாழ்ந்தவர். 'பராபரன்' என்பதற்குப் பன்மை வழக்கில்லை. ஆனால் அது தத்துவ நூல்களின் சொல். 'கடவுள்' பால்காட்டும் விகுதியற்றது. எல்லாச் சமயத்தாரும் வழங்குவது.

'பாவம்' என்ற சொல்லும் இத்தகையதே. இந்திய மரபில் பாவம் புண்ணியத்தோடு இணைந்து, ஈட்டவும் கழிக்கவும் கூடிய வினைப்பயனாகிறது. கிறித்தவத்தில் அது இறைவனோடுள்ள உறவு முறிந்த நிலை. முதல் பெற்றோர் வழி மாந்தரினம் முழுவதையும் பற்றிய அந்நிலையைக் கத்தோலிக்கர் 'ஜென்மப் பாவம்' என்றனர். முற்பிறவிக் கொள்கையில் வளர்ந்த ஒருவர் இத்தொடரைக் கேட்டால் முற்பிறவியில் செய்த தீவினை என்றே கொள்வார். கிறித்தவம் முற்பிறவியை ஏற்பதில்லை. சொல் சரளமாக அமைந்ததே தவறான புரிதலுக்குக் காரணமாகிறது.

4.3. இசுலாம்

கி.பி. 610இல் மக்காவில் முகம்மது நபியவர்களுக்கு இறைச்செய்தி அருளப்படத் தொடங்கியது என்பது இசுலாமியர் நம்பிக்கை. 622இல் அவர்கள் மதீனாவிற்குப் பெயர்ந்ததிலிருந்து இசுலாமிய ஆண்டு கணக்கிடப்படுகிறது. 'இஸ்லாம்' என்பதற்கு இறைவனிடம் தம்மை ஒப்படைத்தல் என்பது பொருள். அமைதியைக் குறிக்கும் 'ஸலாம்' என்பதும் அதே வேரினது. இறைவன் ஒருவன் என்பதற்கும் முகம்மது அவன் தூதர் என்பதற்கும் சான்று பகர்தல், தொழுகை, ஈகைக் கடன், நோன்பு, ஹஜ் என்னும் ஐந்தும் அதன் கடமைகள். முகம்மது நபியவர்கள் புதுச்சமயம் ஒன்றை நிறுவியவரல்லர், இப்ராகீம், மூசா, ஈசா முதலிய நபிமார் உரைத்த நெறியை நிறைவு செய்த இறுதித் தூதர் என்பதே இசுலாமியர் கொள்கை. 'நிறுவியவர்' என்ற கட்டம் இங்கும் முழுமையாகப் பொருந்தாமை காண்க.

'குர்ஆன்' என்பதன் பொருள் ஓதப்படுவது. அரபு மூலமே குர்ஆன். பிறமொழியில் அமைவது அதன் பொருள் விளக்கம் மட்டுமே என்பது பரவலான நிலைப்பாடு. எனினும் மக்கள் வழக்கில் கருச்சொற்கள் பெயர்க்கப்பட்டே வந்துள்ளன. பாரசீகர் 'குதா', 'நமாஸ்', 'ரோஸா' எனத் தம் சொற்களைக் கொண்டனர். 'நமாஸ்' என்பது வடமொழி 'நமஸ்' என்பதன் உறவுச்சொல். தமிழ் முசுலிம்கள் 'தொழுகை', 'நோன்பு', 'பள்ளிவாசல்' என்கின்றனர். 'பள்ளி' என்பது முன்னர்ச் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல். அப்பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் 'பள்ளிச்சந்தம்' எனப்படுகிறது. 'நோன்பு'ம் சமணர் வழக்கில் ஊன்றியிருந்த சொல்லே. இன்று இச்சொற்களைக் கேட்கும் எவருக்கும் அப்பழைய பொருள் நினைவுக்கு வருவதில்லை. வழங்கும் சமூகத்தின் பயன்பாடே சொல்லுக்குப் பொருள் தருகிறது என்பதற்கு இது சான்று.

ஒரு சொல் எந்தச் சமயத்தின் உடைமை என்ற வினா வழக்குமன்றம் வரை சென்றதுமுண்டு. 'அல்லாஹ்' என்பதை அரபு பேசும் கிறித்தவரும் தம் விவிலியத்தில் வழங்குகின்றனர். மலாய்க் கிறித்தவரிடமும் இவ்வழக்கம் உண்டு. மலேசியாவில் கத்தோலிக்க வார இதழ் ஒன்று தன் மலாய்ப் பகுதியில் இச்சொல்லை வழங்கலாம் என 2009இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது; 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட இசைவு மறுத்தது. நிகரன் தேர்வு மொழிபெயர்ப்பாளரின் மேசையோடு முடிந்து விடுவதில்லை என்பதற்கு இது அண்மைக்காலச் சான்று.

5. சீக்கியம்

குருநானக் (1469–1539) பஞ்சாபில் உரைத்த நெறி, உருவமற்ற ஒரே இறைவன், அவன் பெயரை நினைதல், நேர்மையான உழைப்பு, பகிர்ந்துண்ணல் என்பவற்றை மையமாகக் கொண்டது. 'சீக்கியர்' என்பது 'சிஷ்யர்' என்பதன் வழிவந்த சொல். குரு கிரந்த சாகிபில் ராம், ஹரி, அல்லாஹ், குதா என்னும் பெயர்கள் யாவும் அவ்வொரே இறைவனைக் குறிக்க வருகின்றன. அங்கே 'ராம்' என்ற பெயர் வருமிடத்தில் 'இராமாவதாரம்' என்று அடிக்குறிப்பு எழுதினால் பொருள் மாறிவிடும். அவதாரக் கொள்கையைச் சீக்கியம் ஏற்பதில்லை. மேலும் 1708இல் குரு கோவிந்தசிங் மறைந்தபின் அந்நூலே நிலையான குருவாக மதிக்கப்படுகிறது. அதனை 'வேதம்' என்று மட்டும் பெயர்த்தால் 'குரு' என்ற தகுதி விடுபட்டுப் போகிறது.

6. இலக்கணக் கூறுகளில் கொள்கை

சமயக் கொள்கை சொற்களில் மட்டுமன்றி எண், இடம், மதிப்பு என்னும் இலக்கணக் கூறுகளிலும் உறைகிறது. எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் 'எலோஹிம்' வடிவால் பன்மை; வினையோ ஒருமை. ஒன்றிய மொழிபெயர்ப்பில் 'தேவன்' வடிவால் ஒருமை. வினையோ '-ஆர்' என்னும் மதிப்புப் பன்மை. மூலத்தின் பொருத்தம் தலைகீழாக அமைந்துள்ளது. இரண்டிலும் கருதப்படும் பொருள் ஒருமையே.

தமிழ்க் கிறித்தவர் இறைவனை 'அவர்' என்கின்றனர். தமிழ் முசுலிம்கள் அல்லாஹ்வை 'அவன்' என்றும், நபியை 'அவர்கள்' என்றும் குறிக்கின்றனர். இவ்வழக்கை அறியாத பதிப்பாசிரியர் ஒருவர் மரியாதை கருதி 'அவன்' என்பதை 'அவர்' எனத் திருத்துவது உண்டு. இசுலாத்தின் முதற்கொள்கை ஏகத்துவம். பன்மையின் சாயலும் படியாத ஒருமை வடிவே அதற்கு ஏற்றது என்பது அவ்வழக்கின் உட்பொருள். ஆகவே அத்திருத்தம் மரியாதையைக் கூட்டுவதன்று. கொள்கையை மங்கச் செய்வது. சைவ, வைணவப் பக்திப் பாடல்களிலும் 'நீ', 'அவன்' என்னும் ஒருமை இயல்பாக வருகிறது. அங்கே அதன் அடிப்படை நெருக்கமும் அன்பும். வடிவம் ஒன்றாயினும் காரணம் வேறு.

குர்ஆனில் இறைவன் தன்னைப் பல இடங்களில் தன்மைப் பன்மையால் குறிக்கிறான். தமிழ் மொழிபெயர்ப்புகள் அதற்கு 'நாம்' என்பதைக் கொள்கின்றன. 'நாங்கள்' என்றால் பலர் என்ற பொருள் வந்துவிடும். 'நாம்' பொதுவழக்கில் கேட்போரையும் உளப்படுத்துவது. எனினும் அரசர் தம்மைக் குறிக்கும் பெருமிதப் பன்மையாகவும் அதற்கு வழக்குண்டு. உளப்படுத்தும் பன்மை, உளப்படுத்தாப் பன்மை என்னும் வேறுபாடு அரபியில் இல்லை, தமிழில் உண்டு. பெறுமொழியின் இலக்கணமே ஓர் இறையியல் முடிவை மேற்கொள்ளுமாறு மொழிபெயர்ப்பாளரை வற்புறுத்துகிறது.

7. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

(அ) ஒரு சமயத்தைப் பற்றி எழுதும்போது அச்சமயத்தார் தமிழில் வழங்கும் சொல்லையே முதலில் தேடுதல் வேண்டும். அச்சமயத்துள்ளும் பிரிவுக்கேற்பச் சொல் வேறுபடும்: சீர்திருத்தத் திருச்சபையினரின் 'தீர்க்கதரிசி', திருவிவிலியத்தின் 'இறைவாக்கினர்', முசுலிம்களின் 'நபி' என்பன ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத்தக்கனவல்ல.

(ஆ) மோட்சம், முத்தி, வீடு, நிப்பானம், இரட்சிப்பு, மீட்பு, ஈடேற்றம் என்பவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளலாகாது. எதிலிருந்து, யாரால், யாருக்கு விடுதலை என்ற வினாக்களுக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு விடை தருகிறது.

(இ) ஒரு சமயத்தின் கருச்சொல்லை மற்றொரு சமயத்திற்கு விளக்கமாகத் தரும்போது ஒப்புமை முடியும் எல்லையையும் ஒரு தொடரில் சுட்டுதல் வேண்டும்.

(ஈ) ஒலிபெயர்த்த சொல்லுக்கு முதலிடத்தில் விளக்கம் தந்து, பின்னர் மாற்றாது வழங்குதல் வேண்டும். நடைநயம் கருதி நிகரன்களை மாற்றி மாற்றி எழுதுவது சமய உரைநடைக்குக் கேடு.

(உ) மதிப்புப் பன்மை, மூவிடப்பெயர் ஆகியவற்றில் அவ்வச்சமய வழக்கைப் பதிப்பு நிலையிலும் காத்தல் வேண்டும்.

8. முடிவுரை

சமயங்கள் தோன்றிய மொழியோடு நின்றுவிடவில்லை. அவை பெருஞ்சமயங்களாக விரிந்தமைக்கு மொழிபெயர்ப்பும் பெருங்காரணம். ஒவ்வொரு பெயர்ப்பிலும் கொள்கையின் ஒரு கூறு ஒளிபெற, மற்றொரு கூறு நிழலில் நின்றது. எந்த நிகரனும் முழுமையானதன்று. எனினும் வழங்கும் சமூகம் நாளடைவில் அதனைத் தன் கொள்கைக்கேற்பப் பண்படுத்திக் கொள்கிறது. 'பள்ளி' அவ்வாறு பண்பட்டது. 'வேதாகமம்' அவ்வாறு பண்பட்டது. திபெத்தியரின் பிழைபட்ட சொற்பிறப்பும் அவ்வாறே பண்பட்டது.

பல சமயத்தார் ஒரே மொழியைப் பேசும் நாட்டில், ஒரு சமயத்தாரைப் பற்றி மற்றொரு சமயத்தார் அறிவது பெரும்பாலும் பாடநூல், கலைக்களஞ்சியம், செய்தித்தாள் ஆகியவற்றின் வழியே. அங்கே வழங்கும் ஒரு பொதுச்சொல் அயலாரின் நம்பிக்கையை அவர்களே அடையாளம் காண இயலாதவாறு மாற்றிவிடக்கூடும். ஆகவே அட்டவணைக் கட்டங்களை நிரப்புமுன், கட்டத்தின் தலைப்பு அச்சமயத்திற்குப் பொருந்துமா என்று வினவுதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடன் ஆகும். பொருந்தாதபோது கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதுவதே அச்சமயத்தைப் பற்றிய மிகச் சரியான செய்தியாக அமையலாம்.